ஊதச் சொன்னவர்

ஐந்தருவியின் ஈரப் படிக்கட்டில் அப்பாவின் தொப்பி குப்புறக் கிடந்தது. சாரல் தொடங்கி இரண்டாம் வாரம். சீசன் பந்தோபஸ்தில் இருந்த அப்பாவுக்கு நான் மதியச் சோறு கொண்டுபோயிருந்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பா போலீஸில் ஏட்டு, ஊருக்கெல்லாம் ஏட்டையா. கூட்டத்தை வரிசையில் நிறுத்த ஒரு படி இறங்கியவரின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட, உடம்பு மட்டும் முன்னால் சரிந்தது. எழுந்தபோது எதிரில் இன்ஸ்பெக்டர் நின்றார். அப்பாவைவிட இளையவர்.

“என்னவே, காலையிலயே ஏத்திட்டு வந்துட்டீரா?”

“இல்லைய்யா. நான் அதத் தொட்டதே இல்லைய்யா.” அப்பாவின் பேச்சு சில மாதங்களாகவே குழறிக்கொண்டிருந்தது.

“ஊதும்வே.”

எண்ணெய் தேய்த்த உடம்போடு குளிக்க நின்றவர்கள் பார்த்திருக்க, என் அப்பா ஊதினார். வாடை இல்லை. “இப்பல்லாம் வாடை வராத சரக்கு வருது” என்றார் இன்ஸ்பெக்டர். சிலர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அப்பா கேட்டார். அனுப்பவில்லை. மறுநாள் மெமோ வந்தது, அடுத்து சஸ்பென்ஷன், விசாரணை முடிவில் சம்பள உயர்வை நிறுத்தித் தண்டனை. ஸ்டேஷன் டைரியில் ஏட்டின் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துக்கொண்டே வருகிறது, போதையில் எழுதுவதே காரணம் என்றும் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் இருந்தது. பின்னால்தான் எங்களுக்குத் தெரியவந்த ஒரு நோயின் அடையாளத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக்கியிருந்தார் அந்த மனிதர்.

வீரகேரளம்புதூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் போலீஸோ பட்டாளமோ உண்டு. அப்பாவுக்கு முன்பே செய்தி வீடு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவர் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா ஏதோ சாக்கில் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள். நானும் அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்திருக்கிறேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவராகவே எங்கள் முன்னால் வந்து நின்று ஊதிக் காட்டுவார். வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். கதவிலிருந்து நாற்காலிவரை அப்பா நடந்து வந்ததை அவர் பார்த்தார். வலது கை வீசவே இல்லை. காபித்தூள் டப்பாவை மூக்கருகே நீட்டினார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு வரி எழுதச் சொன்னார். பிறகு பார்க்கின்சன் என்றார். நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் அது தொடங்கியிருக்கும், பலருக்கு மோப்பம்தான் முதலில் போகும் என்று விளக்கினார்.

“எதனால சார் வருது?” என்று அப்பா கேட்டார்.

“சிலருக்குப் பரம்பரை. வயலுக்கு அடிக்கிற மருந்து மேலயும் சந்தேகம் இருக்கு. நிறையப் பேருக்குக் காரணம் தெரியலை. தேடிட்டு இருக்காங்க.”

டாக்டரின் சான்றிதழோடு அப்பா மேல்முறையீடு செய்தார். நோய் இப்போது இருக்கலாம், அன்று அவர் குடித்திருந்தார் என்று இன்ஸ்பெக்டர் பதில் எழுதினார். தண்டனை அப்படியே நின்றது. பணிப் பதிவேட்டில் குடிகாரராகவே அப்பா ஓய்வு பெற்றார், குடிகாரராகவே இறந்தார்.

பிசியோதெரபி படித்த நீங்கள் ஏன் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சேவை என்று சொல்வேன். பொய். அந்த மனிதர் சொன்னது தவறு என்று நிரூபிக்கும் ஒரு சோதனை உலகத்தில் இருக்க வேண்டும் என்ற ஆத்திரம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. நடுக்கம் வருவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எங்கள் குழு தேடுகிறது. முகாம்களில் மோப்பம் சோதிப்பேன், நடையைப் படம் பிடிப்பேன், குரலைப் பதிவு செய்வேன், எழுதச் சொல்லி வாங்குவேன்.

போன சாரல் சமயம் தென்காசியில் முகாம். பெரிய பதவியில் ஓய்வு பெற்ற ஒருவரை அவர் மனைவி அழைத்துவந்தார். “தூக்கத்துல கையக் கால வீசுதாரும்மா. தாளிப்பு கருகுனாக்கூட வாடை தெரியல” என்றார். நிமிர்ந்து பார்த்ததுமே அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

எல்லாச் சோதனைகளையும் ஒழுங்காகவே செய்தேன். மோப்பம் இல்லை. நடந்து திரும்பும்போது தள்ளாடி மேஜையைப் பிடித்தார். எழுத்து வரிக்கு வரி சிறுத்தது. எல்லாவற்றையும் கோப்பில் வைத்து மூடிவிட்டு, வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தேன்.

“இது ஆராய்ச்சிக்கு இல்ல சார், எனக்கு. ‘அன்று ஏட்டு குடித்திருக்கவில்லை.’ பத்துத் தடவை எழுதுங்க.”

“எந்த ஏட்டு?”

“ஐந்தருவியில நீங்க ஊதச் சொன்னவரு. எங்க அப்பா.”

“தள்ளாடுனாரும்மா. நான் கண்ணால பாத்தேன்.”

“நீங்களும்தான் இப்பத் தள்ளாடுனீங்க. நானும் கண்ணால பாத்தேன்.”

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மனைவி தாளை அவர் பக்கம் நகர்த்தி, “எழுதுங்க” என்றார். எழுதினார். முதல் வரி தெளிவாக இருந்தது. ஐந்தாவதில் எழுத்து பாதியானது. பத்தாவது வரி வெறும் புள்ளிகள். பேரும் பதவியும் போட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். அதற்கும் மறுக்கவில்லை.

முகாம் டாக்டரின் அறைக்குப் போய்த் திரும்பிவந்தவர் என் மேஜையருகே நின்றார். “இது சரியாயிருமாம்மா?”

“ஆகாது. மாத்திரை கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கும். அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்று பிடிக்கவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

அப்பாவின் பணிப் பதிவேட்டைத் திருத்தக் கோரும் மனுவோடு இணைப்பதற்கு முன் அந்தத் தாளை வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தாள். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன்.

“அவன் ஒரு நாள் ஊதச் சொன்னான்” என்றாள். “நாம எத்தனை தடவ எழுதணும், சொல்லுட்டி?”