அரியலூர் பஸ்ல கே-பாப்

பெரம்பலூர்லேருந்து அரியலூர் போற பஸ்ஸு சிமெண்ட் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்குது. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி. பக்கத்து சீட்ல லப்பைக்குடிக்காட்டு அக்கா ஒருத்தங்க, கூட காலேஜ் படிக்கிற அவங்க பொண்ணு. பொண்ணு டான்ஸ் போட்டி ஃபார்ம நீட்டிக்கிட்டே இருக்கா. கையெழுத்து வாங்கிக் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாளாம். அக்கா பேனா மூடியவே கழட்டல.

"கே-பாப் ஆடுறேன்னு எழுதியிருக்கா தம்பி. துபாய்லேருந்து இவங்கத்தா, அதான் எங்க வீட்டுக்காரரு, போன்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான் சும்மா இருப்பேனா, பூந்துடுறேன். "கே-ன்னா கொரியாக்கா. பாப்-னா ஜனங்க எல்லாம் கேக்குற பாட்டு. ஜப்பான் பாட்டுக்கு ஜே-பாப்னு ஏற்கெனவே பேரு இருந்துச்சு. அதப் பாத்து வெளியூர்க்காரனுங்க இதுக்கும் கே-பாப்னு வெச்சுட்டானுங்க. கொரியாக்காரங்க அவங்களுக்குள்ள 'கயோ'ன்னுதான் சொல்லுவாங்க. பாட்டுன்னு அர்த்தம், அவ்ளோதான்."

"அப்ப நம்ம தமிழ்ப் பாட்ட அவன் கேட்டான்னா டி-பாப்பா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்க்கா."

பொண்ணு தலையில அடிச்சுக்கிறா. அக்கா அவ பக்கம் திரும்புறாங்க.

"துணிமணியெல்லாம் ஒழுங்கா இருக்குமாடி?"

"ஃபுல் ஹேண்டும்மா. ஆடுற ஏழு பேரும் பொண்ணுங்கதான்."

முன்னாடி லாரி நகருது. பஸ்ஸு குலுங்குறதுக்குள்ள அக்கா கையெழுத்தப் போட்டுடுறாங்க.

"கொரியாக்காரன் சினிமாப் பாட்டு மாதிரின்னு அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வீடியோ கேப்பாரு, ஸ்டெப்ப மறந்துட்டு முழிச்சுக்கிட்டு நிக்காத."