கொழும்பு வரை கேட்ட சத்தம்

நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கிறேன். வேட்டைக்காரர்களின் துவக்குச் சத்தத்தைப் பிடிக்க இங்கே மூன்று மரங்களில் ஒலிவாங்கிகள் கட்டியிருக்கிறோம். சத்தம் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து, சுட்ட இடத்தைக் கருவி கணித்துவிடும். நேற்று மாலை சத்தம் பதிவாகி, கொழும்பில் என் போன் அலறியது. இப்போது போன் காட்டும் புள்ளியைத் தேடி, அட்டைக்கடியோடும் எரிச்சலோடும் தனியாக இறங்குகிறேன்.

அந்த இடத்தில் புது மண்மேடு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மழையில் நனைந்த பட்டாசுக் காகிதம். பால் செம்போடு ஒரு பெண் மட்டும் நிற்கிறாள். கருவியைப் பற்றி அவளிடம் சொல்கிறேன்.

"துவக்கு இல்லீங்க சேர். நேத்து எங்கப்பாவ அடக்கம் பண்ணுனோம். நான்தான் பட்டாசு கொளுத்துனேன். கொழும்பு வரைக்குமா கேட்டுச்சு?"

"கேட்டதுங்க."

"தம்பி அங்கதான் கடையில நிக்கிறான். லீவு இல்லன்னு வரல. இன்னிக்குப் பால் தெளிக்கவும் வரல. அவனுக்குத்தான் கேக்கல."

பதிவான சத்தம் எதுவென்று குறிக்க, போனில் 'துவக்கு', 'பிழையான சத்தம்' என்று இரண்டே பொத்தான்கள். அவள் பாலைத் தெளித்து முடிக்கிறாள். நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை.