அறுபத்திரண்டு எட்டில் ஓர் அலுவலகம்

10.06.2024 – 42
02.09.2024 – 19
09.09.2024 – 17
23.09.2024 – 43

இவை என் மருமகள் நிலோஃபர் அந்தந்த நாளில் சரிபார்த்து அனுப்பிய பட்டச் சான்றிதழ்களின் எண்ணிக்கை. அவள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் உதவியாளர். முதல் தொகை அலுவலகத்தில் பார்த்தது. மற்ற மூன்றும் பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கணினியில் பார்த்தவை.

ஜூலையில் பஸ் படியில் தவறி விழுந்து அவளுக்கு இடது முழங்கால் உடைந்தது. தகடு வைத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டாம் மாடி ஏற அவளால் ஆகாது. ஓராண்டுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டாள். மூன்று மாதம் சோதனையாகக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு நாளுக்கு நாற்பதுக்குக் குறைந்தால் அனுமதி ரத்து. பிறகு சம்பளமில்லா விடுப்புதான்.

எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் கால் அல்ல. செப்டம்பர் 9 அன்று அவளைத் தேடி வந்தவர்கள் பதினான்கு பேர். ஏழு பேர் பார்சல் வாங்கி வைக்கச் சொன்னார்கள். ஆறு பேர் ஆன்லைனில் ஏதாவது விண்ணப்பம் போட வந்தார்கள். மீதி ஒருத்தி அடுத்த வீட்டு ஹமீது பீவி. மூன்று தடவை வந்தாள், ஒன்றாகவே கணக்கிட்டேன்.

"வீட்லதான இருக்கா? ரெண்டு நிமிசம் வந்தா என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டாள்.

குறைந்தது இருபத்தைந்து.

செப்டம்பர் 16 முதல் நிலோஃபர் அலுவலகத்துக்குப் புறப்பட்டாள். ஒன்பதே முக்காலுக்கு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்து, "மாமி, போயிட்டு வாரேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லுவாள். ஊன்றுகோலுடன் வீட்டைச் சுற்றிப் பின்சந்து வழியாகப் பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். மொத்தம் அறுபத்திரண்டு எட்டு நடை. யார் கேட்டாலும் ஆபீஸுக்குப் போய்விட்டாள் என்று சொல்லும் பொறுப்பு என் மனைவி ஜுபைதா பீவிக்கு. இரண்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நவம்பர் 20, புதன்கிழமை. ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடு இருப்பதைக் காட்டப் பாளையங்கோட்டை போயிருந்தேன். அப்போது பிரிவுக் கண்காணிப்பாளர் தளவாய், வேலை நடக்கிறதா என்று பார்க்கச் சொல்லாமல் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிலோஃபர் இருக்கிறாளா என்று கேட்டார். என் மனைவி அவரைப் பார்சல்காரர் என்று நினைத்தாள்.

"அவ ஆபீஸுக்குல்லா போயிருக்கா அண்ணாச்சி. ஆறு மணிக்கு மேல வாங்க."

"தெனமும் போவாங்களாம்மா?"

"ஒரு நாளுகூட லீவு போட மாட்டா. டிபன் பாக்ஸோட போனத நானே பாத்தேன்."

இரண்டு நாளில் குறிப்பாணை வந்தது. பணி நேரத்தில், 11.20 மணிக்கு, வீட்டில் இல்லை. அனுமதியை ஏன் ரத்து செய்யக் கூடாது?

ஜுபைதா பீவி அன்று மதியம் சாப்பிடவில்லை. "நீங்க சொல்லச் சொன்னதத்தான நான் சொன்னேன்" என்றாள். அது சரிதான்.

நிலோஃபர் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதினாள். அறுபத்திரண்டு எட்டையும் மறைக்கவில்லை. கணினிப் பதிவை இணைத்தாள்: நவம்பர் 20 அன்று 11.18க்கும் 11.23க்கும் இரண்டு சான்றிதழ்கள் தளவாயின் ஒப்புதலுக்கே போயிருந்தன. என் நோட்டிலிருந்து பதினான்கு பேர் பட்டியலின் நகலையும் சேர்த்தோம்.

ஓராண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆய்வுக்கு வருபவர்கள் இனிப் பின்சந்து வழியாக வருவார்கள் என்று கடிதத்தில் கடைசி வரி இருந்தது. டிசம்பர் 4 அன்றே தபால்காரர் அதைக் கொண்டுவந்து நிலோஃபரின் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார். ஜுபைதா பீவியின் பொறுப்பை அதுவரை யாரும் மாற்றவில்லை. அவள் வழக்கமான பதிலைச் சொல்ல, அவர் திரும்பிப் போய்விட்டார். ஆகவே கடிதம் வந்த தேதி 05.12.2024.