வாசலில் கட்டிய புல்லுருவி

புல்லுருவிப் பழத்தை நசுக்கினால் உள்ளிருக்கும் விதை பசை போல விரலில் ஒட்டிக்கொள்ளும். சட்டையில் துடைத்தால் சட்டையிலும் ஒட்டும். குருவி அதைத் தின்றுவிட்டு மரக்கொப்பில் எச்சமிட்டால் விதை அங்கேயே ஒட்டி, கொப்புக்குள் வேர் இறக்கி, மரத்தின் சாற்றைக் குடித்து வளர்ந்துவிடும். ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் நின்ற மாமரத்தில், எங்கள் பக்கம் சாய்ந்த பெரிய கொப்பில், அப்படி ஒன்று வளர்ந்திருந்தது. எழுபதுகளில், நான் ஐந்தாவது படித்த காலம் அது, பிள்ளைகளே.

மார்கழிக் குளிரில் அந்தச் செடி சிவப்பாகப் பூக்கும். தேனி கடைவீதியில் அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு ஒருமுறை வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வெளிநாட்டுப் புல்லுருவியின் படம் இருந்தது. அந்த நாட்டில் அதை வாசலில் தொங்கவிட்டு, அடியில் நிற்பவர்கள் முத்தம் கொடுத்துக்கொள்வார்களாம். அப்பா அதை எங்கள் ஊருக்குத் தகுந்தமாதிரி மாற்றிக்கொண்டார். பண்டிகைக்கு வாசலில் "புல்லுருவிக் கொத்து" கட்ட வேண்டும். அடியில் நிற்பவர்கள் யாராக இருந்தாலும் சண்டையை விட்டுப் பேசிவிட வேண்டும். அதற்காகவே வருஷாவருஷம் பூங்கொத்தை மட்டும் ஒடித்துக்கொண்டு செடியை விட்டுவைப்பார்.

தோட்ட வேலை தெரிந்த சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "அண்ணே, வேரு கொப்புக்குள்ள கெடக்கு. கொப்போட வெட்டுனாத்தான் மரம் தங்கும்" என்று மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தார். அப்பா மூன்று வருஷமும், "பண்டிகை கழியட்டும்டா" என்றார். நாலாவது வருஷம் கொப்பின் நுனி காய்ந்தது. சித்தப்பா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா என்னிடம் அதிரசம் கொடுத்து, சித்தப்பாவைச் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார். நான் தனியாகத்தான் திரும்பினேன்.

"சித்தப்பா வர மாட்டாகளாம். மரத்தத் திங்கிற செடிக்கு அடியில நிக்க மாட்டேன்னு சொன்னாக."

அப்பா வாசலில் கட்டியிருந்த கொத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டி, அரிவாளோடு மரத்தில் ஏறினார். துணி கிழித்தே பழகிய கை. தொடை கனமிருந்த கொப்பை வெட்ட அரைமணி நேரம் ஆயிற்று. விழுந்ததைப் பூவும் இலையுமாக இழுத்துக்கொண்டுபோய் சித்தப்பா வாசலில் போட்டார்.

"இப்பப் பேசுவியாடா?"

சித்தப்பா கொப்பைப் பார்த்தார். "தரையிலதான கெடக்கு. இதுக்கு அடியில எப்படிண்ணே நிக்கிறது?"

"அப்ப ஒரு பக்கம் தூக்கு."

இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சிரிப்பில் கொப்பு ஆடியது. "பேசியாச்சுல்ல, கீழ போடுங்க. வேட்டி பூராம் மாம்பாலு" என்றார் அம்மா.

மரம் பிழைத்துக்கொண்டது. ஆனால் மிஞ்சிய கொப்பெல்லாம் சித்தப்பா வீட்டுப் பக்கம் சாய்ந்தவை. அதன்பிறகு எங்கள் முற்றத்தில் ஒரு காய்கூட விழவில்லை. சித்தப்பா காய் பறித்த அன்றே பாதியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்.

இன்று அவர்கள் இருவரும் இல்லை. எங்கள் வாசலில் பண்டிகைக்குக் காகித நட்சத்திரம் மட்டும் தொங்குகிறது. மரம் இருந்த இடத்தில் மதில் நிற்கிறது. மதில் கட்ட மரத்தை எடுத்துவிடலாமா என்று சித்தப்பா மகன் என்னிடம் கேட்கத்தான் செய்தான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன், பிள்ளைகளே. யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.