மாப்பிள்ளை முகம் போட்ட கைக்குட்டை

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எம்ப்ராய்டரி மெஷின் வந்துவிட்டது. படத்தைத் தையலாக மாற்றும் சாஃப்ட்வேர்தான் இன்னும் வாங்கவில்லை.

"அத்தை, இதுல போட்டோவப் போட்டா போதும், அதுவே தையலாக்கிடும். இதையே வாங்குங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கோ, பேத்தி பாவாடைக்கு நானே மயில் வரைந்து தைக்கிற மாதிரி சாஃப்ட்வேர்தான் வேண்டும். ஆனால் மாப்பிள்ளை பேச்சைத் தட்ட முடியுமா?

"சரிங்க மாப்பிள்ளை. வாங்கறதுக்கு முன்னாடி இலவசமா தைச்சுப் பார்க்க விடறாங்களே, உங்க போட்டோவையே போடுவோம்" என்றேன். அவருக்கு ஒரே பூரிப்பு.

இன்று காலை கைக்குட்டையில் தைத்தோம். மீசை காதுவரை ஓடியிருந்தது, கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்மாம் அழகா சிரிச்சிக்கினு இருக்காரு பாருங்க சம்பந்தி, ஆஞ்சநேயரு!"

பெற்ற தாயே சொன்ன பிறகு மாப்பிள்ளை என்ன செய்வார்? "நீங்க கேட்டதையே வாங்கிக்கலாம் அத்தை" என்று எழுந்து போய்விட்டார்.

சம்பந்தியம்மா கைக்குட்டைக்குக் குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் மாட்டியும் விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா, இல்லை சனிக்கிழமை வடைமாலை சாத்திவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.