என் காருக்கு அவர்கள் பார்த்த சென்சார்

தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பாடம் எடுக்கிறேன். அழுத்தத்தை அளக்கும் கருவிகள்தான் என் பிழைப்பு. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று வருஷா வருஷம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என் சொந்தக் காருக்கு அழுத்த சென்சார் வாங்கியபோது என்னைத் தவிர ஊரில் எல்லோரையும் கேட்டார்கள்.

கார் என் சம்பளத்தில் வாங்கியது. சின்ன டர்போ பெட்ரோல் கார். பட்டுக்கோட்டையில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கு முன்பெல்லாம் யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டிவருவது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். யாரையும் கேட்காமல் நான் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தக் காரில் ஏறுவதுதான்.

என் கொழுந்தனார் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தார். நான் தேர்வு டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து காரைத் திருச்சிக்குக் கொண்டுபோய், இன்ஜின் கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டும் புரோகிராமை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் கூடப் போயிருந்தார். கேட்டதற்கு, "தம்பி ஆசைப்பட்டான்" என்றார். ஆசைப்பட்டது தம்பி, கொடுத்தது அண்ணன், கார் மட்டும் என்னுடையது.

அதோடு விட்டார்களா? புரோகிராமை மாற்றினால் மேப் சென்சாரையும் பெரிதாக மாற்ற வேண்டும் என்று ஏதோ வாட்ஸ்அப் குழு கொழுந்தனாருக்கு ஞானம் கொடுத்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. என் காரில் இருந்தது இரண்டரை பார் அழுத்தம் வரை அளக்கும். புதுப் புரோகிராமிலும், காற்றைத் திணிக்கும் டர்போ எவ்வளவு முக்கினாலும் இரண்டேகாலைத் தாண்டாது. ஆக, இருந்ததே போதும். இதில் யோசிக்க வேறு ஒன்றுமே இல்லை. கொழுந்தனார் மூன்று பார் சென்சாரோடு வந்து நின்றார். கடையில் நாலு இருந்திருந்தால் நாலையே வாங்கியிருப்பார்.

"அஞ்சு எச்.பி. மோட்டார்ல தண்ணி பத்தலைன்னா ஏழரை போடுறோம்ல அண்ணி? அதே கணக்குதான்."

"இது மோட்டார் இல்ல தம்பி. மதகுல நட்டிருக்கிற அளவுகோல் மாதிரி. கோலை மாத்தினா ஆத்துல தண்ணி கூடிடாது. கோடு அகலமா போட்ட புதுக் கோலை நட்டுட்டுப் பழைய கணக்குலயே படிச்சா, தண்ணி கம்மியா வருதுன்னு இன்னும் தொறந்து விடுவாங்க. கரை ஒடைஞ்சிடும். மாட்டித்தான் ஆகணும்னா கம்ப்யூட்டர்லயும் அளவை மாத்துங்க. இல்லன்னா பழசே இருக்கட்டும்."

"காலேஜ் பாடத்தை வீட்ல எடுக்காத" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு மதகு தெரியும், அளவுகோல் தெரியும். வாய்க்கால் தலைப்பில் அந்தக் கோலைப் பார்த்துவிட்டு வந்துதான் நாற்று விடுவார். நான் சொன்னது புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. புரிந்துகொண்டே தம்பி பக்கம் திரும்பி, "நீ மாட்டுடா" என்றார்.

மாட்டினார்கள். மறுநாளே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொழுந்தனார் செல்போனோடு ஏதோ ஒரு கருவியை இணைத்து அதை அணைத்தார். மறுபடி எரிந்தது, மறுபடி அணைத்தார். காய்ச்சல்காரனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உதறுகிற புத்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். கொழுந்தனார் ஓட்டினார், என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காருக்குச் சொந்தக்காரி பின்சீட்டில். ஒரத்தநாடு தாண்டி ஒரு வைக்கோல் லாரியை முந்துவதற்காக அழுத்தினார் பாருங்கள், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல் ஒரு சத்தம்.

"காலை எடுங்க தம்பி! இன்ஜின் அடி வாங்குது."

"டர்போன்னா அப்படித்தான் அண்ணி சத்தம் வரும்."

லாரியை முந்திவிட்டோம். கொஞ்ச தூரத்தில் புகை கக்கிக்கொண்டு கார் நின்றது. அதே லாரி எங்களைத் தாண்டிப் போனது. பிஸ்டனில் ஓட்டை. காற்று குறைவு என்று நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்திருக்கிறது, டர்போவை இன்னும் விரட்டியிருக்கிறது. பட்ட சூட்டில் பிஸ்டன் உருகிவிட்டது.

லீவு முடிந்து கொழுந்தனார் விமானம் ஏறினார். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. குடவாசலில் ஒரு காதுகுத்துக்கு நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் போனோம். பந்தியில் ஒரு உறவுக்காரர், "கார் என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

"இவ கொஞ்சம் அழுத்தி மிதிச்சுட்டா. பொம்பளைங்களுக்கு டர்போ வண்டி சரிப்பட்டு வராதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன்.

"நான் பின்சீட்லதானே உக்காந்திருந்தேன்" என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துப் பந்தியே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கொழுந்தனார் மேல் எனக்கு இருந்தது இளக்காரம் மட்டும்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

பழைய சென்சார், பழைய புரோகிராமோடு கார் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. சாவி என் கைப்பையில் இருக்கிறது. போன வாரம், "கும்பகோணம் வரைக்கும் ஒரு வேலை இருக்கு, சாவி எங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"கும்பகோணத்துக்கு நெறைய பஸ் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன்.