அறுபத்தாறில் ஓடிய அமிகா

அன்புச்செல்விக்கு எதிலும் வேகம் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே பிறந்தவள் அவள். படித்தது டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ். கல்யாணமான கையோடு கறம்பக்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை போட்டாள். காலையில் வாங்கிய போனை மதியத்துக்குள் கொடுத்துவிடுவாள் என்று ஊரில் பேர்.

போன வருஷம் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவைக் காலி செய்தார்கள். எடைக்குப் போக இருந்த சாமான்களுக்கு நடுவே ஓர் அமிகா கம்ப்யூட்டர் கிடந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தியது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடக்கம். மணமக்கள் பேரைத் திரையில் பறக்கவிட அதைத்தான் வைத்திருந்தார்களாம். செல்வி கேட்டு வாங்கி வந்து திறந்து பார்த்தாள். செல்போன் போர்டில் மைக்ரோஸ்கோப் இல்லாமல் ஒன்றும் தெரியாது. இதிலோ ஒவ்வொரு சிப்பின் காலையும் வெறுங்கண்ணால் எண்ணலாம். அன்றைக்கே அதன்மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது.

அதன் வேகத்தைக் கூட்ட ஒரு ஆக்சலரேட்டர் கார்டு உண்டு. அதில் கூடுதல் திறனுள்ள பிராசசர் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன கிரிஸ்டல் தாளம் போடும். அந்தத் தாளத்துக்குத்தான் பிராசசர் ஓடும். செல்வி ஒரு கார்டைத் தேடிப் பிடித்து மாட்டினாள். ஐம்பது மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கடலுக்கு மேலே மலைகளுக்கு நடுவே பறந்து போகிற மாதிரி ஒரு காட்சியைத் தானே புரோகிராம் எழுதி ஓட்டினாள். ஓடியது, ஆனால் மலை வரும்போதெல்லாம் திக்கித் திக்கி நகர்ந்தது.

நாகர்கோவிலில் ஷர்லி என்று ஒரு சிநேகிதி. இதே மெஷின், இதே கார்டு வைத்திருப்பவள். இணையத்தில் பழக்கம்.

"நான் கிரிஸ்டல மாத்தி அறுபதுல ஓட்டுறேன் அக்கா. உங்க ஊரு வெயிலுக்கு உங்களுது தாங்காது," என்று போனில் சொன்னாள்.

அது போதாதா செல்விக்கு? ஐம்பதைக் கழற்றிவிட்டு, நினைத்தபோது மாற்றிக்கொள்ள ஒரு சாக்கெட் வைத்து, அறுபது கிரிஸ்டலைச் செருகினாள். மெஷின் எழுந்தது. கடல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மலைகள் திரையை நிறைத்த நேரத்தில் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி போட்டாள். அதே மலையில் அதே கதி. சிப்புக்கு மேல் மின்விசிறி வைத்தும் பலிக்கவில்லை.

"சூடுதாங்க. வேற ஒண்ணுமில்ல," என்றாள் புருஷனிடம்.

புருஷன் இன்னாசி ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறவன். சூடு என்றதும் அவனுக்கு ஒரே மருந்துதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், முந்தின நாள் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை உடைத்து, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, பாலித்தீன் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான்.

"மீனு வாடை அடிக்கிது."

"ஒன் மெஷினுக்கு மூக்கா இருக்கு? வையி."

சொட்டுத் தண்ணீர் போர்டில் விழாதபடி துணி சுற்றி டப்பாவை சிப்பின் மேல் வைத்தாள். தொட்டுப் பார்த்தால் விரல் சில்லிட்டது. காட்சியை ஓட்டினாள். கடல், கரை, முதல் மலை. உறைந்தது. அதே இடம்.

செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஐஸ் வைத்தும் அதே இடத்தில் நிற்கிறதென்றால் குற்றம் சூட்டின் மேல் இல்லை. ஐஸ் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இன்னொரு தரம் ஓட்டு," என்றான் இன்னாசி. கீபோர்டு ஓரத்துச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "மலை வாரப்ப இந்த லைட்டு மங்குது பாரு. வண்டியில செல்ஃப் அடிக்கையில ஹெட்லைட்டு மங்குமே, அது மாதிரி."

செல்வி குனிந்து பார்த்தாள். மெய்தான், மங்கியது. மல்டிமீட்டரை எடுத்து கார்டில் முனைகளை வைத்தாள். சும்மா இருக்கையில் ஐந்து வோல்ட். மலை வந்து வேலை கூடியதும் சரசரவென்று இறங்கி, நாலரைக்குப் பக்கத்தில் வந்ததும் மெஷின் நின்றது. ஸ்டுடியோக்காரர்கள் யாரிடமோ சொல்லிச் செய்து வாங்கிய பவர் சப்ளை அது. நூல் மாதிரி ஒயர். கூடுதல் பசியோடு ஓடும் கார்டுக்கு அது எப்படிக் காணும்?

"இத்தன நாளா பட்டினி போட்டுட்டு, காய்ச்சல்னு மருந்து குடுத்துருக்கேங்க," என்றாள்.

கடையில் போர்டு சோதிக்க வைத்திருந்த நல்ல பவர் சப்ளையை இழுத்து வந்தாள். தடித்த ஒயர் போட்டாள். அளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். ஷர்லியை வீடியோவில் கூப்பிட்டு, போனை இன்னாசி கையில் கொடுத்துத் திரைக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். அறுபது கிரிஸ்டல். கடல், கரை, முதல் மலை, இரண்டாவது மலை. திக்கல் இல்லை, நிற்கவும் இல்லை.

"சரி, சமமாயிட்டீங்க," என்றாள் ஷர்லி.

 செல்வி மெஷினை அணைத்தாள். அறுபத்தாறு கிரிஸ்டலைச் செருகினாள்.

திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு கடல் வந்தது, பாய்ந்து வந்தது. மலைகள் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு ஓடின. தான் எழுதியதுதானா என்று செல்விக்கே சந்தேகம். இன்னாசி கையில் போன் ஆடியது.

"அண்ணே, ஆட்டாமப் புடிங்க, ஒண்ணும் தெரியல," என்று ஷர்லி உள்ளேயிருந்து கத்தினாள்.

இருந்த ஆசைக்கு எழுபத்திரண்டையும் போட்டுப் பார்த்தாள். வெறும் கறுப்புத் திரை. அதற்கும் சிரிப்புதான் வந்தது. அறுபத்தாறுக்கே திரும்பி, மெஷினைச் சாயங்காலம் வரை ஓடவிட்டாள். சிப்பைத் தொட்டால் சுடத்தான் செய்தது. மின்விசிறிக்கு அது அடங்கியது.

ஷர்லி ரகசியத்தைக் கேட்டதும் செல்வி ஒளிக்காமல் சொன்னாள். மறு வாரம் ஷர்லி தன்னுடையதற்கும் தடித்த ஒயர் போட்டுவிட்டு, "எனக்கு எழுபத்திரண்டு எந்திரிச்சிருச்சு அக்கா," என்று படம் அனுப்பினாள். செல்வி அதை இன்னாசியிடம் காட்டினாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றான்.

"ஐஸ் இருக்கா?" என்றாள் செல்வி.